கீழ்க் கூட்டுக்கு ஒன்றும் போடக் கூடாது

குளியாப்பிட்டி
28.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கஜேந்திரன் எழுதுவது. இங்கே வெயிலைத் தவிர மற்றபடி நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? மச்சானின் இருமல் நின்றதா?

போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நம் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கிற காம்பராக்களில் ஒன்றில் பேசினால் எட்டுக் காம்பராவுக்கும் கேட்கும். நான் உங்களிடம் கேட்பதற்குப் பக்கத்துக் காம்பரா கலாராணி அக்கா பதில் சொல்லிவிடுவார். இங்கேயும் பண்ணைக்குள் போகும்போது போனை வாசலில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். அதோடு கம்பெனிக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனி கோழித் தீனில் கலக்க ஒரு மூலிகைத் தூள் செய்கிறது. மஞ்சள், வெள்ளைப்பூடு, கருஞ்சீரகம், கறுவா நான்கும் சேர்ந்தது. அன்டிபயோட்டிக் கொடுக்காமல் இதை மட்டும் கொடுத்து இறைச்சிக் கோழி வளர்க்க முடியுமா என்று பார்க்கிறார்கள். வெயில் ஊர்களில் பார்த்தாயிற்று. குளிர் ஊர் ஒன்று வேண்டும் என்று எங்கள் மேலதிகாரி டொக்டர் நளீரா கூட்டத்தில் சொன்னார். நான் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்: “எங்க அக்கா பூனாகலையில கோழிக் கொட்டில் வச்சிருக்காங்க மேடம்.” “அப்ப அது உங்க பொறுப்பு” என்று சொல்லிவிட்டார்.

ஆறாம் தேதி நூற்றிருபது குஞ்சு வரும். கொட்டிலை நடுவில் மறித்து இரண்டு கூடாக்குங்கள். கூட்டுக்கு அறுபது. மேல் கூட்டுக்குக் கிலோ தீனுக்கு இரண்டு தேக்கரண்டி தூள். கீழ்க் கூட்டுக்கு வெறும் தீன், வேறு ஒன்றும் போடக் கூடாது. வாரம் ஒரு முறை எடை. நாற்பத்திரண்டாம் நாள் கடைசி எடை, பிறகு கோழிகளை விற்றுக்கொள்ளலாம்.

அக்கா, என் வேலை இன்னும் தற்காலிகம்தான். ஓகஸ்ட் கடைசியில் நிரந்தரமாக்குவார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். இதுவரை என் கையில் கொடுத்த ஒரே வேலை இதுதான். இது பிழையாகப் போனால் நான் ஊருக்கு வந்து, காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்க வேண்டியதுதான்.

மச்சானுக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி,
கஜேந்திரன்


பூனாகலை
09.05.2024

அன்புத் தம்பி கஜேந்திரனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன முறை வந்தபோது கன்னம் ஒட்டிக் கிடந்தது. முழங்கால் வலி இறக்கத்தில் மட்டும்தான் தெரிகிறது.

குஞ்சுகள் வந்து சேர்ந்தன. ஒன்றும் சாகவில்லை. உன் மச்சான் தொழிற்சாலைக் காவல் முடிந்து வந்து, தூங்காமல் பலகை அடித்து மறிப்புப் போட்டுக் கொடுத்தார். பல்பு இரண்டு தொங்கவிட்டோம். சுற்றிலும் சாக்குக் கட்டினோம். மேல் கூடு, கீழ்க் கூடு என்று சுண்ணாம்பால் எழுதியாயிற்று.

தூள் மூட்டையைப் பிரித்ததும் லயம் முழுக்க வாசம். கலாராணி எட்டிப் பார்த்து, “என்ன விஜயா, உசுரோட இருக்கையிலயே மசாலா தடவுறியா? அப்ப சமைக்கையில உப்பு மட்டும் போட்டாப் போதும்” என்றாள். அவளும் கீழே எண்பது கோழி வளர்க்கிறாள். வேலைக்கு நடுவில் சிரிக்க ஒரு ஆள் வேண்டும்தானே.

எனக்கு விளங்காதது ஒன்று. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள். ஒன்றுக்கு மருந்து, மற்றதுக்கு ஒன்றுமில்லை. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. மேல் கூட்டுக்குத் தூள் போடும்போது கீழ்க் கூட்டுக் குஞ்சுகள் கம்பி ஓரமாக வந்து நின்று பார்க்கின்றன. படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவை என்ன பாவம் செய்தன?

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அன்புள்ள அக்கா,
விஜயலெட்சுமி


குளியாப்பிட்டி
20.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் முதல் வார எடையும் கிடைத்தன. கன்னம் இப்போது பரவாயில்லை. கன்டீனில் தினமும் முட்டை. மச்சானைத் தூங்கச் சொல்லுங்கள்.

கீழ்க் கூட்டின் மீது தயவுசெய்து இரக்கப்படாதீர்கள். அதற்கு ஒன்றும் கொடுக்காமல் இருந்தால்தான் மேல் கூட்டில் வரும் வளர்த்தி தூளால் வந்ததா, தானாக வந்ததா என்று தெரியும். இரண்டுக்கும் கொடுத்தால் ஒன்றும் தெரியாது. கம்பி ஓரத்தில் வந்து நிற்பது பசியால், பொறாமையால் அல்ல.

இத்துடன் அச்சடித்த படிவம் அனுப்புகிறேன். திகதி, எடை, இறப்பு என்று கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டம் ‘காரணம்’. கோழி செத்தால், எடை குறைந்தால், எடை பார்க்க முடியாமல் போனால், என்ன காரணம் என்று அதில் எழுத வேண்டும். டொக்டர் நளீரா மற்றக் கட்டங்களைவிட அதைத்தான் முதலில் பார்ப்பார். “எண் பொய் சொல்லும், காரணம் எழுதினா தப்ப ஏலாது” என்பது அவர் வாய்ப்பாடு.

மழை தொடங்கிவிட்டதா அங்கே? பார்த்து நடங்கள்.

உங்கள்,
கஜேந்திரன்


பூனாகலை
29.05.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்கு வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்குப் போட்டேன்.

படிவம் நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். இருபத்தோராம் நாள் எடை: மேல் கூடு சராசரி எழுநூற்று அறுபது கிராம். கீழ்க் கூடு எழுநூறு. நான் நம்பாமல் மறுபடியும் நிறுத்தேன். அதே கணக்குத்தான். உன் மச்சான், “அப்ப நானும் தினம் ரெண்டு கரண்டி சாப்பிடுறேன்” என்கிறார்.

எடை பார்ப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, சொன்னால் சிரிப்பாய். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் இப்படி உட்கார்ந்து கட்டம் கட்டமாக எழுதியதே இல்லை. கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளைதான் எழுதுவார், நாம் பார்த்துக்கொண்டு நிற்போம்.

மழை விடாமல் பெய்கிறது. கொசு அதிகம். கீழ்க் கூட்டில் இரண்டு மூன்று கோழி கண்ணை மூடிக்கொண்டு நிற்கின்றன. ஈரமாக இருக்கும். மரத்தூளை மாற்றிப் போடுகிறேன்.

அன்புள்ள அக்கா


குளியாப்பிட்டி
05.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களையும் மச்சானையும் கும்பிட்டு எழுதுகிறேன். இன்றைக்கு நான் தரையில் நிற்கவில்லை.

டொக்டர் நளீரா உங்கள் படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். அறுபது கிராம் வித்தியாசம் எந்த ஊரிலும் வரவில்லையாம். “கஜேந்திரன், ஆறாவது வாரமும் இந்த வித்தியாசம் அப்படியே நின்றா, உங்கட நிரந்தரக் கடிதத்த நானே டைப் பண்ணித் தாறன்” என்றார். வெளியே வந்து தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதேன். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

இருபத்தெட்டாம் நாள் எடையை உடனே அனுப்புங்கள். கண் மூடி நின்ற கோழிகள் எப்படி? அதையும் எழுதுங்கள்.

உங்கள்,
கஜேந்திரன்


பூனாகலை
11.06.2024

தம்பிக்கு,

இங்கு எல்லாம் குளிர்ச்சி. எடை பிறகு அனுப்புகிறேன். நீ இப்போதைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம். யாரையும் அனுப்பவும் வேண்டாம்.

கடையில் தாள் வாங்கி, கடை வாசலிலேயே நின்று எழுதுகிறேன்.

அக்கா


குளியாப்பிட்டி
19.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் கடிதம் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நலமா என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கடை வாசலில் ஏன் எழுத வேண்டும்? வீட்டில் மேசை இல்லையா? குளிர்ச்சி என்றால் மழையா?

ஒன்று தோன்றியது. வீட்டில் அம்மை போட்டிருந்தால் வாயால் சொல்ல மாட்டீர்கள், யாரையும் வரவிட மாட்டீர்கள், வீட்டுப் பொருள் வெளியே போகாது. அது எனக்கும் தெரியும். பயந்துபோய் நேற்று வாசலில் போனைக் கேட்டு வாங்கி அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. கலாராணி அக்காவுக்கு அடித்தேன். “அக்காவும் நல்லாத்தான் இருக்கு, மச்சானும் நல்லாத்தான் இருக்காரு, தொழிற்சாலைக்குப் போயிட்டு வாறாரு. நா வேற ஒண்ணும் சொல்லலப்பா, என்னைய மாட்டி விடாத” என்று வைத்துவிட்டார். எட்டுக் காம்பரா செய்தியையும் கேட்காமலே சொல்கிறவர் அவர். அவரே வாயை மூடினால் நான் என்ன நினைப்பது?

முந்தாநாள் நாற்பத்திரண்டாம் நாள். கடைசி எடை வர வேண்டிய நாள். என்னிடம் இருபத்தோராம் நாளோடு எல்லாம் நின்றுவிட்டது. சனிக்கிழமை லீவு கேட்டு வருகிறேன்.

கஜேந்திரன்


பூனாகலைத் தேயிலைத் தொழிற்சாலை
21.06.2024

மதிப்புக்குரிய மச்சான் கஜேந்திரன் அவர்களுக்கு,

வடிவேல் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பண்டாரவளைக்கு லொறி போகிறது. பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் நாளைக்குள் கைக்கு வரும் என்றார்கள்.

தாங்கள் சனிக்கிழமை வர வேண்டாம். காரணம் எழுத முடியாது. உங்கள் அக்கா கடிதம் எழுத முடியாது. அதன் காரணமும் எழுத முடியாது. நாங்கள் இருவரும் சுகம். கோழிகள் நன்றாகத் தின்கின்றன. வெறும் சோறும் தயிரும் சாப்பிட்டு எனக்கு நாக்குச் செத்துவிட்டது. வெங்காயம் தாளித்து மூன்று வாரம். இதற்குமேல் எழுதினால் உங்கள் அக்கா என்னைக் கொன்றுவிடும்.

இப்படிக்கு,
வடிவேல்


குளியாப்பிட்டி
03.07.2024

அக்காவுக்கு,

மச்சானின் கடிதம் கிடைத்தது. வந்து வாசலில் நிற்க வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் வரவில்லை.

டொக்டர் மூன்று தரம் கேட்டுவிட்டார். முதல் தரம் தபால் தாமதம் என்றேன். இரண்டாம் தரம் மழை என்றேன். நேற்று என்னிடம் பொய் மிச்சமில்லை. “வளர்க்கிறவங்க என்ன சொல்றாங்க?” என்றார். “ஒண்ணும் சொல்லல மேடம்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் கோபப்படுவதைவிட அது மோசம். இருபதாம் தேதிக்குள் அறிக்கை வேண்டுமாம். இல்லையென்றால் பூனாகலையைக் கணக்கிலிருந்து வெட்டிவிடுவார்கள். பூனாகலையோடு நானும் போவேன்.

நாள் ஐம்பத்தெட்டு. இந்த வயசில் இறைச்சிக் கோழியை யாரும் வைத்துக்கொண்டு தீன் போட மாட்டார்கள். விற்கவுமில்லை, கொல்லவுமில்லை, எடையும் இல்லை என்றால் நான் எதை நம்புவது? கேட்கக் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். நடுவிலேயே கோழிகளை விற்றுவிட்டீர்களா? விற்றிருந்தால் சொல்லிவிடுங்கள். கோபிக்க மாட்டேன். தெரியாமல் நிற்பதுதான் என்னால் முடியவில்லை.

என்னை வளர்த்தவர் நீங்கள். என்னிடம் மறைக்க உங்களுக்கு என்ன இருக்கிறது?

கஜேந்திரன்


பூனாகலை
09.07.2024

தம்பி,

நலம் கேட்டு எழுத எனக்கு இன்னும் உத்தரவு இல்லை. மூன்றாம் தண்ணீர் வருகிற பதினாறாம் தேதி செவ்வாய்க்கிழமை. அதுவரை வாய் திறக்கக் கூடாது. வீட்டுத் தாள் வெளியே போகக் கூடாது. இன்றைக்குத் தேதி ஒன்பது. இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து, வீட்டுத் தாளில் எழுதுகிறேன். மாரியம்மாவுக்குக் கோபம் வந்தால் என்னிடம் வரட்டும், உன்னிடம் வேண்டாம்.

அம்மை வந்தது எங்களுக்கு இல்லை. கோழிகளுக்கு.

மே முப்பதாம் தேதி காலையில் தீன் போடப் போனேன். கண் மூடி நின்ற அந்த மூன்று கோழிகளுக்கும் கண்ணைச் சுற்றி முத்து முத்தாக இருந்தது. கொண்டையிலும் இருந்தது. இரண்டு நாளில் கீழ்க் கூட்டில் இருபதுக்கு. பிறகு மேல் கூட்டிலும் போட்டது. கொட்டில் வாசலில் வேப்பிலை கட்டினேன். தாளிப்பை நிறுத்தினேன். உன் மச்சான், “கோழிக்குமா பத்தியம்?” என்றார். “அம்மா எந்த வாசல்ல வந்தாலும் அம்மாதான்”னேன்.

அப்புறம் நான் செய்ததைக் கேள். கீழ்க் கூட்டுக்கும் உன் தூளைப் போட்டேன். முதல் நாளே போட்டேன். தூளில் மஞ்சள் இருக்கிறது என்று நீதானே எழுதினாய்? மஞ்சளைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மை போட்ட பிள்ளைக்குக் கொடுக்காமல் நிற்க எந்தப் பொம்பளையால் முடியும்? தூள் குறைந்ததும் வீட்டு மஞ்சளை அரைத்துக் கலந்தேன். வேப்பிலைச் சாறும் தண்ணீரில் விட்டேன். மேல், கீழ் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நூற்றிருபதும் எனக்கு ஒன்றுதான்.

முத்துக் காய்ந்ததும் தண்ணீர் ஊற்ற வேண்டுமே. ஜூன் இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஒவ்வொன்றுக்கும் ஊற்றினேன். நூற்றிருபதுக்கும். முக்கால்வாசி ஊற்றும்போது வெயில் போய் மூடுபனி இறங்கிவிட்டது. அன்றைக்கு மூன்று கோழி விறைத்துச் செத்தன. அம்மையில் ஒன்றும் சாகவில்லை தம்பி. நான் ஊற்றிய தண்ணீரில்தான் செத்தன. இரண்டாம் தண்ணீரை வேப்பிலையால் தெளித்ததோடு நிறுத்தினேன். கலாராணி கொட்டிலில் முப்பத்தி நாலு போயிற்று. அவளும் வேப்பிலை கட்டினாள், உன் தூள்தான் அவளிடம் இல்லை. ஆனால் அவள் கொட்டில் ஒழுகும். எதனால் அவளுக்குப் போனது, எதனால் எனக்கு நின்றது என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை சுற்றுகிறது.

அம்மா இருக்கிற கோழியைக் கத்தியால் தொடக் கூடாது, விற்கவும் கூடாது. அதனால்தான் இன்னும் வைத்திருக்கிறேன். ஒன்றையும் விற்கவில்லை. விற்றாயா என்று நீ கேட்டதை வாசித்துவிட்டுக் கொட்டிலுக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். ஆனால் யோசித்தால், நான் வேறு என்ன நினைக்க இடம் கொடுத்தேன்?

ஏன் இன்றைக்கே எழுதுகிறேன் என்றால், உனக்கு ஒன்று தெரியாது. உனக்கு ஆறு வயசில் அம்மை போட்டது. எனக்குப் பதினாறு. நம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த வாரம்தான் எனக்குப் பள்ளிக்கூடத்துப் பெரிய பரீட்சை, ஓ.எல். அம்மை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது, ஏன் வரவில்லை என்று ஆள் அனுப்பிச் சொல்லவும் கூடாது. உன் தலைமாட்டில் வேப்பிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மண்டபத்தில் என் பெயரைக் கூப்பிட்டு, சமுகமளிக்கவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். காரணம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கொழுந்துக் கூடையைத் தூக்கினேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். நிறைய வருத்தப்பட்டிருக்கிறேன். உன் மேல் அல்ல. வாயை மூடிக்கொண்டு இருந்ததன் மேல்.

அந்த வழக்கம் என் பரீட்சையைக் கொண்டுபோனது போதும். உன் வேலையையும் கொண்டுபோக விட மாட்டேன்.

எடைகள் எல்லாம் இத்துடன் இருக்கின்றன. இருபத்தெட்டு, முப்பத்தைந்து, நாற்பத்திரண்டு, எந்த நாளும் விடவில்லை. அனுப்பத்தான் முடியவில்லை. கடைசி எடை: மேல் கூடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து. கீழ்க் கூடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து. ஆறாவது வாரம் வித்தியாசம் நிற்க வேண்டும் என்று டொக்டர் சொன்னாரே, அதை நான்தான் அழித்துவிட்டேன். எப்படியும் எழுதிக்கொள். பழியை என் மேல் போடு.

அக்கா


குளியாப்பிட்டி
01.08.2024

என் அன்பு அக்காவுக்கு,

நீங்கள் சுகமா? மூன்றாம் தண்ணீர் நல்லபடியாக முடிந்ததா? மச்சானுக்கு வெங்காயம் கிடைத்ததா? எல்லாவற்றையும் கேட்கலாம் அல்லவா இனி.

முதலில் மன்னிப்பு. விற்றீர்களா என்று கேட்ட கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கோழி அம்மை என்று நான் வாரத்துக்குப் பத்துத் தரம் எழுதுகிறவன். அதற்குத் தடுப்பூசி இருப்பதும் தெரியும், அதைப் போடச் சொல்லாமல் விட்டதும் நான்தான். குளிர் ஊரில் கொசு இருக்காது என்று நானாக நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு அம்மையையும் இந்த அம்மையையும் ஒரு நாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது, மறைக்க மாட்டேன். இருபத்தோராம் நாள் எடை கையில் இருக்கிறது. அதே கணக்கில் ஆறாவது வாரம் வரை ஏற்றி எழுதினால் யாருக்குத் தெரியும்? அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அப்போது ‘காரணம்’ கட்டம் கண்ணில் பட்டது. பொய் எடைக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை, கட்டத்தைக் காலியாக விடலாம். உங்களைக் கூப்பிட்ட மண்டபத்திலும் அந்த இடம் காலியாகத்தான் கிடந்திருக்கும் என்று நினைத்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

உள்ளதை உள்ளபடி எழுதினேன். இரண்டு கூட்டுக்கும் தூள் கொடுத்தது, மஞ்சள், வேப்பிலை, தண்ணீர் ஊற்றியது, மூன்று செத்தது, கலாராணி அக்காவின் முப்பத்தி நாலு, எல்லாம். தூள் வேலை செய்ததா என்ற கேள்விக்கு ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். எடை அனுப்பாததற்குக் காரணக் கட்டத்தில் இப்படி எழுதினேன்: ‘கொட்டிலில் அம்மை வந்திருந்தது. அந்த நாளில் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வளர்ப்பவர் வழக்கத்தை மீறிச் சொன்னார்.’

டொக்டர் நளீரா வாசித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். “நூத்திருவது கோழியையும் குளிக்க வாத்தாங்களா?” என்றார். “ஆமாங்க மேடம்.” கொஞ்ச நேரம் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு உங்கள் எடைத் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரும் கேக்காத நேரத்திலயும் ஒரு நாள் விடாம நிறுத்திருக்காங்க. எனக்கு எடை அனுப்புற பதினாலு பேர்ல இப்படி ஒருத்தர் இல்ல” என்றார்.

என்னை நிரந்தரமாக்கவில்லை. அனுப்பவும் இல்லை. இன்னும் ஆறு மாதம் தற்காலிகம். செப்டெம்பரில் தடுப்பூசி போட்ட குஞ்சுகளோடு மறுபடி பூனாகலையிலேயே செய்ய வேண்டுமாம். ஒரு கூட்டை நீங்களும் மற்றதை வேறொருவரும் பார்க்க வேண்டும் என்கிறார். இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

உங்கள் தம்பி,
கஜேந்திரன்


பூனாகலை
09.08.2024

அன்புத் தம்பி கஜேந்திரனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். நீ நலமா? வேளைக்குச் சாப்பிடு. முழங்கால் பழையபடி. உன் மச்சான் வெங்காயத்தோடு சமாதானமாகிவிட்டார்.

மூன்றாம் தண்ணீர் முடிந்து, ஆடி முதல் வெள்ளியில் கோயிலுக்கு மாவிளக்கு வைத்தேன். அவசரப்பட்டு வாய் திறந்ததற்கு மாரியம்மாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை, கோபமில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு கோழிகளைப் பண்டாரவளை வியாபாரி ஏற்றிப்போனார். இவ்வளவு பெரிய கோழியை அவர் பார்த்ததில்லையாம்.

நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கேட்டாய். எனக்கும் குழப்பம்தான். ஆனால் குஞ்சை அனுப்பு. மேல் கூட்டை உன் மச்சான் பார்க்கட்டும், தூள் போட அவருக்குத் தெரியும். கீழ்க் கூட்டை எனக்குக் கொடு. ஒன்றும் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை, அதை நான் செய்து காட்டுகிறேன். நோய் கண்டால் அன்றைக்கே எழுதுவேன். அது எந்த அம்மா அனுப்பியதாக இருந்தாலும் சரி.

ஒன்று கேட்க வேண்டும். அந்த அறிக்கையில் எடை பார்த்தவர் என்று என் பெயர் போட்டிருக்கிறதா? விஜயலெட்சுமி வடிவேல் என்று முழுதாக இருக்கிறதா? இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்து அனுப்பு. கெட்டியான உறையில் போட்டு, மடிக்காமல் அனுப்பு.

அன்புள்ள அக்கா,
விஜயலெட்சுமி